கரைமேட்டில் டபுள் கேப்: டெல்டா வைக்கும் பரீட்சை

டபுள் கேப் பிக்கப் விளம்பரம் என்றால் அதில் ஒரு மலை வந்தே தீரும். முன்சக்கரம் பாறைமேல் ஏறி நிற்கும், பின்னால் பனிமூட்டம் தவழும், ஓட்டுபவர் எங்கோ தொலைவைப் பார்த்துக்கொண்டிருப்பார். தஞ்சாவூரில் இந்தக் காட்சிக்கு இடமில்லை. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே எண்பது சொச்சம் கிலோமீட்டர் போனால் நாகப்பட்டினம் கடற்கரை. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத நிலம் இது. செங்குத்துச் சரிவில் வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கும் மின்னணு வசதிக்குக் காசு கொடுத்தவர், அதை ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டுமென்றாலும் கொல்லிமலைக்குத்தான் போக வேண்டும்.

சமவெளிதானே, எந்த வண்டியும் ஓடும் என்று நினைப்பவர்கள் ஐப்பசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனதில்லை. கல்லணையில் பிரியும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், அவற்றிலிருந்து கிளைக்கும் குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு, பாமணியாறு, கோரையாறு, அதற்கும் கீழே சி, டி பிரிவு வாய்க்கால்கள் என்று தண்ணீர் ஓடாத திசை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை. வயலுக்குப் போகும் வண்டி கரை ஏற வேண்டும், மதகைத் தாண்ட வேண்டும், மறுபக்கம் இறங்க வேண்டும், இறங்கிய இடத்திலேயே திரும்ப வேண்டும். சக்கரத்துக்கு அடியில் இருப்பதோ களிமண். ஒரு புதிய டபுள் கேப் தார்ச்சாலையில் எப்படி, தார் முடிந்த இடத்தில் எப்படி என்று இந்த ஊர்க்காரர் கேட்டால், கேள்வித்தாளை இந்த மண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பரீட்சை எழுத வருபவை அதிகமில்லை. இந்தியச் சந்தையில் நான்கு கதவு பிக்கப் இரண்டு வர்க்கமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒருபக்கம் உழைப்பாளிகள்: மஹிந்திரா பொலிரோ கேம்பர், டாடா யோதா க்ரூ கேப், இசுசு எஸ்-கேப். கேம்பரின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் தருவது 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் இழுவிசை. சுமை 1,000 கிலோ. மறுபக்கம் வசதிக்காரர்கள்: இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ். வி-கிராஸ் 2016-ல் வந்தது. சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகி, சென்னை ஷோரூம் விலை 12.49 லட்சம் ரூபாயில் விற்பனைக்கு இறங்கியது. பின்னால் வந்த 1.9 லிட்டர் இன்ஜின் 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஹைலக்ஸ் 2022-ல் வந்தது. 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியரில் 500 நியூட்டன் மீட்டர், தொடக்க விலை 33.99 லட்சம். இதற்கெல்லாம் முன்பே டாடா ஜெனானும் ஸ்கார்ப்பியோ கெட்அவேயும் வந்தன, போயின. நம்மூரில் இந்த வகை வண்டிக்குக் கூட்டம் சேர்ந்ததே இல்லை. ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு முன்னெச்சரிக்கை. வெளிநாட்டு விமர்சனத்தைப் படித்துவிட்டு இங்கே புக்கிங் போடுவது ஆபத்து. மூன்றாம் தலைமுறை டி-மேக்ஸ் 2019-ல் தாய்லாந்தில் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் மோதல் சோதனை 2020-ல் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததும் அதற்குத்தான். 2016-ல் இங்கே அறிமுகமாகி மெருகேற்றி மெருகேற்றி விற்கப்பட்ட வி-கிராஸ் அதற்கு முந்தைய தலைமுறை. பெயர் ஒன்று, வண்டி வேறு. ஒரகடத்தில் உலகத் தரத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அளவுகோல்கள் எல்லாம் அங்கே துல்லியம். ஆனால் அந்தத் தடத்தில் உளுந்துச் செடி காய்வதில்லை, எதிரே மினி பஸ் வருவதில்லை.

முதலில் தார்ச்சாலை. தஞ்சாவூரிலிருந்து வல்லம், செங்கிப்பட்டி வழியாகத் திருச்சிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் எந்த டபுள் கேப்பும் நல்ல பிள்ளைதான். உயரமான இருக்கை, முன்னே தெளிவான பார்வை, ஓங்கிய இழுவிசை. ஹைலக்ஸில் லாரியைத் தாண்டுவது யோசிக்கவே வேண்டாத வேலை. கேம்பரில் அதே வேலைக்கு இடம் பார்க்க வேண்டும், கியர் இறக்க வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. நிபுணர் பார்க்க வேண்டியது பின்சக்கரத்தை.

பிக்கப்பின் பின்பக்கம் கமான் பட்டையில் நிற்கிறது. மேலே நீளமான மெல்லிய பட்டைகள், கீழே குட்டையான தடித்த பட்டை. வண்டி காலியாக இருக்கும்போது மேல் அடுக்கு மட்டும்தான் வேலை செய்யும். சுமை ஏற ஏற மேல் அடுக்கு தாழ்ந்து கீழ்ப்பட்டையில் அமரும். அதற்குப்பின் விறைப்பு கூடிவிடும். சிக்கல் என்னவென்றால், மேல் அடுக்கும் சுமைக்காகச் செய்யப்பட்டதுதான். ஆகவே காலி வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கத்தைத் தூக்கிப் போடும். முன்சீட்டில் இருப்பவருக்கு இது அவ்வளவாகத் தெரியாது. பின்சீட்டில், ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும் சாய்மானத்தில், கும்பகோணம் வரை போகிறவருக்கு நன்றாகத் தெரியும். ஷோரூம் கொடுக்கும் டெஸ்ட் டிரைவில் வண்டி காலியாக இருக்கும், சாலை பைபாஸாக இருக்கும், வாங்குபவர் முன்சீட்டில் இருப்பார். மூன்றுமே தவறான நிலை. பத்து மூட்டை யூரியாவைப் பின்னால் போட்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டினால் வேறொரு வண்டி தெரியவரும். மூட்டைக்கு 45 கிலோ, மொத்தம் 450 கிலோ. அந்தச் சுமையில் பெரும்பாலான பிக்கப்புகள் அடங்கி, தரையோடு படிந்து ஓடும். பிரேக் பிடிக்கும் தூரம்தான் கூடும். இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

மழையில் காலி பிக்கப் இன்னொரு குணம் காட்டும். இன்ஜின் முன்னால், ஆட்கள் முன்னால், இழுக்கும் சக்கரமோ பின்னால், அதன்மேல் எடை குறைவு. நனைந்த வளைவில் கொஞ்சம் அதிகமாக ஆக்ஸிலேட்டர் மிதித்தால் பின்பக்கம் தனியாக ஒரு திசை எடுக்கப் பார்க்கும். இழுவிசை அதிகமுள்ள வண்டியில் இது இன்னும் சுலபமாக நடக்கும். 360, 500 என்ற எண்கள் விளம்பரத்தில் பெருமை. ஈரத் தாரில் அவற்றைக் கட்டிப்போடும் மின்னணு நிலைப்படுத்தி இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

இதற்கு ஒரு உலக உதாரணம் இருக்கிறது. ஸ்வீடனில் தெக்னிக்கென்ஸ் வேர்ல்ட் என்ற வாகன இதழ், திடீரென்று குறுக்கே வரும் காட்டுமானைத் தவிர்க்க வண்டியை ஒடித்துத் திருப்பும் சோதனையைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. 2007-ல் ஒருமுறை ஹைலக்ஸ் அதில் தோற்றது. 2016-ல் புதிய தலைமுறை ஹைலக்ஸும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஒருபக்கச் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் எழ, மறுபக்கச் சக்கரங்களில் நின்றது. மோசமான பாதையில் பேர்போன வண்டி, சீரான தாரில் தடுமாறியது. இரண்டும் வெவ்வேறு திறமை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தஞ்சாவூரில் காட்டுமான் இல்லை. நெல் இருக்கிறது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காட்ட வேண்டும் என்பதற்காக, களம் கிடைக்காதவர்கள் நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைக்கிறார்கள். பாதி சாலை மஞ்சளாக இருக்கும். ஓரத்தில் வண்டி ஏறாதபடி கருங்கல் வரிசை. இரவில் அந்தக் கல் தெரியாது. மேலே மூடிய தார்ப்பாயும் தெரியாது. எதிரே பஸ் வரும்போது அந்தக் கல்லைத் தவிர்க்க ஒடிப்பதும், ஒடித்த வேகத்தில் நெல்மேல் ஏறிச் சறுக்காமல் திரும்பவும் தன் தடத்துக்கு வருவதும்தான் டெல்டாவின் காட்டுமான் சோதனை. உயரமான, கனமான பிக்கப் இதில் சாதாரண காரைவிட ஒருபடி கீழேதான் நிற்கும். எந்த மாடலாக இருந்தாலும் சரி. இரவில் கார் ஓட்டும் வேகத்தில் பிக்கப்பை ஓட்டுவது தவறு என்று விற்பனையாளர் யாரும் சொல்லித் தருவதில்லை.

நெல்லுக்குப் பின் உளுந்து. அறுத்த உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிச் சக்கரமே செடியை மிதித்து மணியைப் பிரித்துவிடும். செலவில்லாத கதிரடிப்பு. பழைய டீசல் வண்டிகளுக்கு இது பெரிய விஷயமாக இருந்ததில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபிறகு நிலைமை மாறியது. புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி புது டீசல் பிக்கப்புகளின் சைலன்சர் பாதையில் இருக்கிறது. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை எரித்துத் தீர்க்கும். அப்போது வடிகட்டிக்குள் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். அந்த நேரத்தில் காய்ந்த செடியோ வைக்கோலோ அடியில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. புது வண்டியைப் பார்க்கப் போகிறவர் குனிந்து அடிப்பகுதியைப் பார்ப்பது நல்லது. சூடாகும் பகுதிக்குத் தகட்டுக் காப்பு எப்படி இருக்கிறது, செடி சிக்கிக்கொள்ளும் இடுக்கு எத்தனை, கையை விட்டு எடுக்க முடியுமா என்று.

வடிகட்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கரியை எரிக்க இன்ஜின் நன்றாகச் சூடேறி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து வயலுக்கு மூன்று கிலோமீட்டர், வயலிலிருந்து உரக்கடைக்கு ஐந்து, அங்கே இன்ஜினை அணைக்காமல் அரைமணி நேரம் என்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. விளக்கு எரியும், வேகம் குறையும், சர்வீஸுக்குப் போக வேண்டும். வடிகட்டி எவ்வளவு பெரிய தலைவலியாகலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம்: 2015 முதல் 2020 வரை அங்கே விற்கப்பட்ட ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகள் 2,64,170-ல் வடிகட்டி அமைப்பு குறையுள்ளது என்று 2022-ல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சிக்கல் வெளிப்பட்டது நெடுஞ்சாலை வேகத்தில். இங்கே காரணம் நேர்எதிராக இருக்கும். வாரம் ஒருமுறை திருச்சி வரை போய்வருகிற வேலை இருப்பவருக்குக் கவலை குறைவு.

இனி அகலம். இதைப் பற்றி எந்த விமர்சனமும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. ஹைலக்ஸ் 5.3 மீட்டர் நீளம், கண்ணாடி சேர்க்காமலே 1.85 மீட்டர் அகலம். வி-கிராஸும் ஏறத்தாழ அதேதான். கேம்பர் 4.86 மீட்டர், 1.67 மீட்டர். ஒருவழிக் கிராமச் சாலைக்கு இந்திய சாலைக் குழுமத்தின் அளவு 3.75 மீட்டர், பல ஊர்ச் சாலைகள் அதைவிடக் குறுகல். அதில் எதிரே மினி பஸ் வந்தால் ஒருவர் தாரைவிட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். மழைக்காலத்தில் சாலையோர மண் ஊறிப்போய் இருக்கும். அதற்கு அடுத்து வாய்க்கால். இறங்கிய இடது சக்கரங்கள் சேற்றில், வலது சக்கரங்கள் தாரில், வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்தபடி: டெல்டாவில் ஒரு வண்டிக்கு ஃபோர் வீல் தேவைப்படும் முதல் இடம் இதுதான், வயல் அல்ல. கேம்பரின் 18 சென்டிமீட்டர் குறைவு இங்கே 300 நியூட்டன் மீட்டரைவிடப் பெரிது.

கும்பகோணத்தில் கும்பேஸ்வரர் கோயில் பக்கத்துத் தெருக்களில் 5.3 மீட்டர் வண்டியை நிறுத்துவது தனிக்கலை. திரும்பும் ஆரம் ஆறு மீட்டரைத் தாண்டுவதால், சந்தில் ஒரே வெட்டில் திரும்பாது. முன்னும் பின்னுமாக நான்கு முறை எடுக்க வேண்டும். அதற்குள் பின்னால் ஹாரன் கச்சேரி தொடங்கிவிடும்.

தார் முடிகிறது. கரைமேடு தொடங்குகிறது.

வாய்க்கால் கரையில் ஏறி மறுபக்கம் இறங்கும் வண்டிப்பாதை பெரும்பாலும் கூர்மையான முதுகு போல இருக்கும். முன்சக்கரம் மறுபக்கம் இறங்கும்போது பின்சக்கரம் இந்தப்பக்கச் சரிவில் இருக்கும். நடுவயிறு கரையின் உச்சியில் தட்டும். இதைத் தீர்மானிப்பது தரையிடைவெளி மட்டும் அல்ல, இரு அச்சுக்கு இடைப்பட்ட தூரமும்தான். ஹைலக்ஸின் அச்சு இடைவெளி 3,085 மில்லிமீட்டர். வயிற்றுக்கும் தரைக்கும் 220 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இருபக்கமும் ஏழடிக்கு ஓரடி உயரும் சரிவு வரை தட்டாமல் தாண்டும். அதற்குமேல் வயிறு உராயும். ஊரெல்லாம் குட்டியானை என்று கூப்பிடும் டாடா ஏஸின் தரையிடைவெளி வெறும் 160 மில்லிமீட்டர். ஆனால் அச்சு இடைவெளி 2,100. கணக்குப் போட்டால் ஆறரை அடிக்கு ஓரடி சரிவைத் தாண்டுகிறது. அதாவது கரைமுதுகைத் தாண்டும் விஷயத்தில் முப்பது லட்ச ரூபாய் வண்டியைவிடக் குட்டியானை ஒரு நூலிழை தேவலாம்! குதிரைத்திறன் எல்லாம் இந்தக் கணக்கில் உள்ளே வருவதே இல்லை. கேம்பரின் அச்சு இடைவெளியும் மூன்று மீட்டரைத் தாண்டுவதால் அதற்கும் இதே கதிதான். டபுள் கேப் என்ற உடலமைப்பு கொடுக்கும் விலை இது: இரண்டு வரிசை இருக்கையும் வேண்டும், சுமை பாடியும் வேண்டும் என்றால் நடுவயிறு நீண்டே தீரும். நடைமுறையில் ஓட்டுநர்கள் கரையைக் குறுக்காக, மூலைவாட்டில் ஏறி இறங்கிச் சமாளிக்கிறார்கள். அகலமான கரைக்கு அது சரி.

அடுத்தது தடம். வயல் பாதையில் முதலில் போவது டிராக்டர். சேற்றுழவுக்குக் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் போய்வந்த பாதையில் இரண்டு ஆழமான பள்ளம் விழுந்து, நடுவில் மேடு நிற்கும். பிக்கப்பின் பின் அச்சில் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் வண்டியிலேயே தாழ்ந்த இடம். அது அந்த நடுமேட்டில் உட்கார்ந்துவிட்டால் நான்கு சக்கரமும் சுற்றினாலும் வண்டி நகராது. ஆக, தடத்துக்குள் இறங்காமல் ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் இன்னொன்றை வெளிவிளிம்பிலும் வைத்து ஓட்டத் தெரிய வேண்டும். பாதை அதற்கு இடம் கொடுக்க வேண்டும். புது வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் விளம்பரத் தாளில் இருக்கும் தரையிடைவெளியை மனப்பாடம் செய்வதைவிட, டேப்பை எடுத்துப் பின் டிஃபரன்ஷியலுக்கு அடியில் அளந்துவிடலாம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

களிமண்ணில் வண்டி எப்படித் தோற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டல் களி நனைந்ததும் டயரின் வெட்டுக்களுக்குள் ஏறி அப்பிக்கொள்ளும். இரண்டு சுற்றில் டயர் வழவழப்பாகிவிடும். சாலைக்கென்று கம்பெனியிலிருந்து வரும் டயர்களில் இந்த வெட்டுக்கள் நெருக்கமாகவும் ஆழமின்றியும் இருப்பதால் களி வெளியேற வழியில்லை. அகன்ற வெட்டுள்ள டயரில் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது களி தெறித்து வெளியே போய்விடும். ஆகவே ஒரே வண்டி, டயரை மாற்றினால் வேறு வண்டி. இரண்டு லட்சம் அதிகம் கொடுத்து மேல் மாடல் எடுப்பதைவிட, நடுத்தர மாடலை எடுத்து நல்ல டயர் போடுவது டெல்டாவுக்கு லாபம்.

பகுதிநேர ஃபோர் வீல் உள்ள இந்த வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டும்போது நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றிலும் மணலிலும் அது வலிமை. காய்ந்த தாரில் அதையே போட்டுக்கொண்டு ஓட்டினால் வளைவுகளில் கியர் தொகுதி இறுகித் திணறும். கரைச் சாலையிலிருந்து தாருக்கு ஏறியதும் டூ வீலுக்கு மாற்ற மறப்பவர்கள்தான் அதிகம். தாழ்கியர் எனப்படும் 4எல் நிலை சக்கரத்தின் இழுப்பை இரண்டரை மடங்கு அளவுக்குக் கூட்டுகிறது. சேற்றில் மெல்ல நகர்ந்து வெளியேற அது உதவும். ஆனாலும் ஒரு அச்சில் ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றத் தொடங்கினால், சாதாரண டிஃபரன்ஷியல் எல்லாச் சக்தியையும் அந்தச் சக்கரத்துக்கே கொட்டும். பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி ஹைலக்ஸில் பொத்தானாக இருக்கிறது. சாலையோரச் சேற்றில் ஒருபக்கம் இறங்கிச் சாய்ந்து நிற்கும் அந்த நேரத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் விலைக்கு நியாயம் இருக்கிறது.

வயலுக்குள்? அங்கே எந்தப் பிக்கப்புக்கும் வேலையில்லை. 30 பவுண்டு காற்றடித்த டயர் தரையை அழுத்துவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ. ஈரச் சம்பா வயலில் இறங்கும் பெல்ட் அறுவடை இயந்திரம் பல டன் எடை இருந்தும், ரப்பர் பெல்ட்டில் எடையைப் பரப்பிக்கொள்வதால், அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அழுத்துகிறது. மழை பெய்த ஆண்டில் விவசாயிகள் கூடுதல் மணி வாடகை கொடுத்து டயர் மிஷினை விட்டுப் பெல்ட் மிஷினைத் தேடுவதன் காரணம் இதுதான். டயரில் காற்றைப் பாதியாக இறக்கினால் பிக்கப்பும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், திரும்பி வந்ததும் காற்றடிக்க வழி இருந்தால். சேறாக்கிய வயலில் அதுவும் பலிக்காது.

மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வல்லம் பக்கம் செம்மண் மேடு, மழை விட்ட கொஞ்ச நேரத்தில் பாதை இறுகிவிடும். பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளில் மணல் கலந்த மண்; தண்ணீர் நிற்காது. அங்கே டூ வீல் வண்டியே போதும் என்று சொல்லலாம். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, அந்தத் தோப்புகளையெல்லாம் சாய்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைப் படுக்கவைத்தபோது, தார்ச்சாலையே பாதையாக இல்லாமல் போயிற்று. ஆட்களையும் கருவிகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு தோப்புக்குள் சுற்றிப் போகும் வண்டிக்கு அப்போதுதான் உண்மையான தேவை தெரிந்தது. ஐந்து பேர், ஒரு மர அறுப்பு மிஷின், கயிறு, டீசல் கேன்: டபுள் கேப் செய்யப்பட்டதே இந்தக் கலவைக்காக.

தண்ணீரைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும் என்கிறது நிறுவனம். தேங்கிநிற்கும், அடி தெரிந்த தண்ணீருக்கு அது சரி. 2022 நவம்பர் 11-12-ல் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் சாலை எது வாய்க்கால் எது என்று தெரியாது. ஓடும் தண்ணீர் 60 சென்டிமீட்டர் இருந்தாலே பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. பிக்கப்பும் அதில் அடக்கம். தரைப்பாலத்தைத் தாண்டி வெள்ளம் ஓடும்போது 700 என்ற எண்ணை நம்புவது முட்டாள்தனம். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்பளத்து நீரில் ஓடுகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: சேஸிஸுக்கு அடியில் தங்கும் உப்பு. அங்கே துரு முந்திக்கொள்ளும், சேறு இரண்டாம் பட்சம்.

இனி அந்தப் பழைய கேள்வி. தாய்லாந்தின் சாவ் பிரயா டெல்டாவும் நெல் பூமிதான், அங்கேயும் கால்வாய், களிமண், பருவமழை. அங்கே பிக்கப் இல்லாத கிராமத்தைப் பார்ப்பது அரிது. பல ஆண்டுகள் நாட்டின் வாகன விற்பனையில் ஏறத்தாழப் பாதி பிக்கப்தான். இலங்கையில் டபுள் கேப் என்றால் அரசு அதிகாரி, அரசியல்வாதி, தொண்டு நிறுவனம் என்று எல்லோர் வீட்டு வாசலிலும் நிற்கும். காவிரி டெல்டாவில் மட்டும் ஏன் இல்லை? தாய்லாந்தில் அரசு பிக்கப்புக்குக் காரைவிட மிகக் குறைந்த வரி விதித்தது, அதனால் குடும்பத்தின் ஒரே வண்டியாக அது இருக்க முடிந்தது. இங்கே நிலைமை வேறு.

கணக்கைப் பாருங்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. கேம்பர் 25 மூட்டை ஏற்றலாம். ஹைலக்ஸில் ஐந்து பேர் உட்கார்ந்தபின் மிச்சம் அரை டன்னுக்கும் கீழே. பத்துப் பன்னிரண்டு மூட்டையோடு சரி. ஒரு ஏக்கர் சம்பா இரண்டு டன் அளவுக்கு விளைந்தால் 50 மூட்டை. அதைத் தூக்க ஹைலக்ஸ் நான்கைந்து நடை போக வேண்டும். டிராக்டர் டிப்பர் ஒரே நடையில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். நெல்லை ஏற்றும் வேலை டபுள் கேப்புக்குச் சொந்தமே இல்லை. நடவு ஆட்களை ஏற்றும் வேலையும் அப்படித்தான். இருபது பெண்களைக் குட்டியானையின் பின்பக்கத்தில் நிற்கவைத்துப் போவது சட்டப்படி குற்றம், விபத்து நடக்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் குற்றம். டபுள் கேப் அந்த இருபது பேரில் நான்கு பேருக்குத்தான் முறையான இருக்கை தரும்.

பதிவிலும் வித்தியாசம். வி-கிராஸ் சொந்த உபயோக வண்டியாக வெள்ளை எண் பலகையில் ஓடுகிறது. எஸ்-கேப் வாடகைக்குச் சுமை ஏற்றும் மஞ்சள் பலகை வண்டி. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வண்டிக்கு பெர்மிட் கேட்பதில்லை. ஆனால் தகுதிச் சான்று புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நெல்லைக் கூலிக்கு ஏற்ற நினைப்பவர் வெள்ளைப் பலகை வண்டி வாங்கினால் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

அப்படியானால் யாருக்கு? பம்ப்செட் மோட்டார், விதை மூட்டை, உரம், டீசல் கேன், நான்கு ஆள் என்று ஊருக்குள்ளேயே சுழலும் பண்ணைக்காரருக்குக் கேம்பர். குறுகல், மலிவு, சுமை மூன்றிலும் அதுதான் முன்னால் நிற்கிறது. தாரில் அதன் மந்தமும் இரைச்சலும் அவருக்குப் பொருட்டில்லை. ஃபோர் வீல் உள்ள கேம்பர் கிடைத்து, டயரையும் மாற்றிவிட்டால் இந்தப் பரீட்சையில் முதல் மதிப்பெண் அதற்கே. வி-கிராஸ் வேறு ஆளுக்கு: மன்னார்குடியில் நிலமும் திருச்சியில் தொழிலும் உள்ளவர், வாரத்தில் நான்கு நாள் நெடுஞ்சாலை, ஒருநாள் கரை. அவருடைய வடிகட்டி அடைக்காது, பாடியில் மாம்பழக் கூடையோ இறால் பண்ணைக் கருவியோ போகும், சுமை எப்போதும் குறைவாகவே இருக்கும். ஹைலக்ஸ் இந்த இருவரில் யாருக்கும் அவசியமில்லை. பின் அச்சுப் பூட்டுக்கும் இன்ஜினுக்கும் மதிப்பெண் கொடுத்தாலும், அகலத்திலும் நீளத்திலும் சுமையிலும் அது இழக்கும் மதிப்பெண் அதிகம். பாதி விலையில் வேலையை முடிக்கும் வண்டி பக்கத்திலேயே நிற்கிறது.

வாங்கத் தீர்மானித்தவர் ஷோரூமில் கேட்க வேண்டியது ஒன்றிருக்கிறது. டெஸ்ட் டிரைவுக்கு பைபாஸ் வேண்டாம். கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரை கரையோரச் சாலையில், நடுவே ஒரு மதகுக் கரையில் ஏறி இறங்கி, ஒரு கிராமச் சாலையில் எதிரே பஸ் வரும்வரை காத்திருந்து ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். கார்த்திகையில் கேட்டால் இன்னும் நல்லது. மேட்டூர் திறப்பதற்கு முன், சித்திரை வைகாசியில் போனால் தூர்வாரிய மண் கரையெல்லாம் புழுதியாகப் பறக்கும். எல்லா வண்டியும் எல்லா இடத்துக்கும் போகும்.